1960களின் தமிழ்த் திரை இசைத்தட்டுகளில் பெண்குரல் பாடல்கள்

1960களின் தமிழ்த் திரை இசைத்தட்டுகளில் பெண்குரல் பாடல்கள் என்பது, இரு பெண்கள் இணைந்தோ ஒரு பெண்ணும் பெண்குழுவினரும் சேர்ந்தோ பாடி, 1960களில் கிராமபோன் தட்டுகளாக வெளிவந்த தமிழ்த் திரைப்பாடல்களைக் குறிக்கும். இதே ஆண்டுகளில் அமெரிக்காவில் 'கேர்ள் குரூப்' எனப்பட்ட பெண்குரல் குழுக்களின் தட்டுகளும், 'சோல்' எனப்பட்ட கறுப்பின மக்களின் உணர்ச்சி இசைத்தட்டுகளும் பெரும் புகழ் பெற்றன. தமிழ்ப் பாடல்கள் அவற்றின் நகல்கள் அல்ல. எனினும் முன்குரல் யாருடையது, பின்குரல் யாருடையது, தட்டின் நடுவில் ஒட்டப்பட்ட வட்டத் தாளில் யாருடைய பெயர் அச்சாகிறது என்னும் கேள்விகள் இரு நாட்டுத் தட்டுகளுக்கும் பொதுவானவை. ஆகவே இவற்றை ஒப்பிட்டுக் கேட்பது பயனுடையது.

தமிழில் இவ்வகைப் பாடல்களின் முதன்மைக் குரல்கள் பி. சுசீலா, எல். ஆர். ஈஸ்வரி ஆகிய இருவருடையவை. இவர்களுள் ஈஸ்வரி, பெயரில்லாத குழுப்பாடகியாகத் தொடங்கித் தனிக்குரலாக வளர்ந்தவர். அமெரிக்காவில் பெண்குரல் குழுக்களும் சோல் பாடகிகளும் தனித்தனியே செய்தவற்றைத் தமிழில் ஏறத்தாழ அவர் ஒருவரே செய்தார் எனலாம்.

தோழி என்னும் மரபு

அமெரிக்கப் பெண்குரல் குழுக்களின் பாடல்களில் பெரும்பாலானவை இளம்பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சின் வடிவில் அமைந்தவை. ஒருத்தி தன் காதலைச் சொல்வாள். மற்றவர்கள் ஆமோதிப்பார்கள், எச்சரிப்பார்கள், கேலி செய்வார்கள். அங்கே இது புதுமையாகக் கருதப்பட்டது. தமிழுக்கோ இது மிகப் பழையது. சங்க அகப்பாடல்களில் அதிகம் பேசுபவர்களுள் ஒருத்தி தோழி. தொல்காப்பியம் களவிலும் கற்பிலும் தோழி பேசும் இடங்களை வகுத்துரைக்கிறது. கும்மி, நலங்கு, ஊஞ்சல் பாடல்களிலும் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் முறை இருந்து வந்தது. எனவே திரைப்பாடலில் இரு பெண்கள் சேர்ந்து பாடியபோது, தமிழ்ச் செவிக்கு அது அயலாகத் தோன்றவில்லை.

இம்மரபு இசைத்தட்டில் தெளிவாக வெளிப்பட்டது 'பாசமலர்' (1961) திரைப்படத்தில் இடம்பெற்ற 'வாராயென் தோழி' பாடலில் ஆகும். விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைக்க, எல். ஆர். ஈஸ்வரியும் பெண்குழுவினரும் பாடினர். மணமகளாக இருக்கும் சாவித்திரியைத் தோழியர் கேலி செய்து அழைக்கும் காட்சி அது. ஒரு முன்குரல், அதற்கு மறுமொழி கூறும் பல குரல்கள், ஊடே கைத்தாளத்தின் துள்ளல் என அமைந்த இப்பாடல், வடிவில் அமெரிக்கப் பெண்குரல் குழுத் தட்டுகளுக்கு மிக நெருக்கமான தமிழ்த் தட்டு ஆகும். தமிழகத்துத் திருமண வீடுகளில் பல பத்தாண்டுகளாக ஒலித்து வருவதும் இதுவே.

அமெரிக்கப் பெண்குரல் குழுக்கள்

நியூ செர்சியைச் சேர்ந்த ஷிரெல்ஸ் குழுவின் 'வில் யூ லவ் மீ டுமாரோ' 1961 சனவரியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. கறுப்பினப் பெண்குரல் குழு ஒன்று அவ்விடத்தை அடைந்தது அதுவே முதல் முறை. இன்றிரவு காட்டும் அன்பு நாளையும் இருக்குமா என்று காதலனையே நேரில் கேட்கும் பாடல் அது. தமிழ்த் திரைப்பாடலில் அக்காலத்தில் ஒரு நாயகி இவ்வளவு வெளிப்படையாகக் கேட்டிருக்க இயலாது. அவளுக்காகத் தோழிதான் பேச வேண்டியிருந்தது. அதே 1961இல் மார்வெலட்ஸ் குழுவின் 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' மோட்டவுன் நிறுவனத்திற்கு முதலாவது முதலிடத்தைப் பெற்றுத் தந்தது. டெட்ராயிட்டில் பெர்ரி கோர்டி 1959இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் சுப்ரீம்ஸ் குழு, 1964 முதல் 1969 வரை 12 முறை முதலிடத்தை அடைந்தது.

லாசு ஏஞ்சலசில் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் வேறொரு வழியைக் கையாண்டார். பல கிதார்களையும் பல பியானோக்களையும் ஒரே நேரத்தில் ஒரே இசையை வாசிக்கச் செய்து, எதிரொலி அறையின் வழியே செலுத்தி, பிரித்தறிய முடியாத ஒரு முழக்கத்தை உருவாக்கினார். இது 'ஒலிச்சுவர்' எனப்பட்டது. ரானட்ஸ் குழுவின் 'பி மை பேபி' (1963) இதற்கு எடுத்துக்காட்டாகும்.

சுசீலா–ஈஸ்வரி இணைப்பாடல்கள்

பி. சுசீலா 1935இல் விசயநகரத்தில் பிறந்தவர். முறையாக இசை பயின்று, 1950களில் ஏ.வி.எம். நிறுவனத்தின் வழியே தமிழுக்கு வந்தார். எல். ஆர். ஈஸ்வரி சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். இவருடைய தாயார் ஜெமினி ஸ்டுடியோவில் குழுப்பாடகியாக இருந்தார். தாயாருடன் ஒலிப்பதிவுக் கூடத்திற்குச் சென்ற சிறுமி அங்கேயே குழுப்பாடகியானார். 'மனோகரா' (1954) படத்தின் குழுக்குரல்களில் ஒன்று இவருடையது. 'நல்ல இடத்து சம்பந்தம்' (1958) படத்தில் கே. வி. மகாதேவன் இவருக்குத் தனிப்பாடும் வாய்ப்பை அளித்தார்.

இருவரின் குரல்களும் எளிதில் வேறுபடுத்தி அறியத்தக்கவை. சுசீலாவின் குரல் சீரானது. சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழும். கமகங்கள் அளவாக இருக்கும். ஈஸ்வரியின் குரலில் ஒரு கூர்மை உண்டு; மூச்சு கேட்கும்; சிரிப்பும் சீண்டலும் பாட்டினூடே வந்து போகும். இவ்வேறுபாட்டையே இசையமைப்பாளர்கள் ஒரு கருவியாகப் பயன்படுத்தினர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்த வரி எந்தப் பாத்திரத்தினுடையது என்பது தெரிந்துவிடும். படம் காணாமல் வானொலியில் மட்டும் கேட்பவருக்கு இது இன்றியமையாத உதவியாகும்.

இவர்களின் இணைப்பாடல்களில் சில:

பாத காணிக்கை (1962): 'உனது மலர் கொடியிலே'
பச்சை விளக்கு (1964): 'தூது செல்ல ஒரு தோழி'
எங்க வீட்டுப் பிள்ளை (1965): 'மலருக்குத் தென்றல்'
இரு மலர்கள் (1967): 'கடவுள் தந்த இரு மலர்கள்'

முதல் மூன்றும் விசுவநாதன்–ராமமூர்த்தி இரட்டையரின் இசை. இவர்கள் 1965இல் பிரிந்தபின் வெளிவந்த நான்காவது, எம். எஸ். விசுவநாதனின் தனி இசை. பட்டியலை நோக்கினால், மலர் என்னும் சொல் மூன்று தலைப்புகளில் இடம்பெறுவது தெரியும். இப்பாடல்களின் உலகில் பெண் பெரும்பாலும் மலராகவே இருக்கிறாள். மலர்கள் இரண்டு என்றால் அவை சேர வேண்டிய இடம் ஒன்றாகவே இருக்கிறது. ஒரே ஆடவனை மையமாகக் கொண்ட இரு பெண்கள், ஒருவர் மனத்தை மற்றவர் அறியாமல், அல்லது அறிந்தும் அறியாதவர் போல் பாடுவது இவ்வகையின் வாடிக்கையான சூழல். அமெரிக்கக் குழுப்பாடலில் தோழியர் நாயகியின் பக்கம் நிற்பர். தமிழ் இணைப்பாடலில் தோழியே போட்டியாளராகவும் இருக்கக்கூடும். இதனால் இப்பாடல்களில் இன்பத்திற்கு அடியில் ஒரு நடுக்கம் ஓடுகிறது. 'தூது செல்ல' பாடலை மெல்லிய மகிழ்ச்சிப் பாடலாகவே பலரும் நினைவில் வைத்துள்ளனர். எனினும் சொல்ல வேண்டியவனிடம் நேரே சொல்ல முடியாத நிலைதான் அதன் பொருள்.

குரல்கள் சேரும் முறையிலும் வேறுபாடு உண்டு. அமெரிக்கக் குழுக்களில் முன்குரலுக்குப் பின்னே மற்றவர்கள் வெவ்வேறு சுரங்களில் ஒரே நேரத்தில் ஒலித்து ஒத்திசைவை உருவாக்குவர். இது தேவாலயப் பாடற்குழுக்களிலிருந்து வந்த பயிற்சியாகும். தமிழ் இணைப்பாடல்கள் பெரும்பாலும் ஒற்றை மெட்டையே நம்பியவை. இருவரும் வரி வரியாக மாற்றிப் பாடுவர். சேரும் இடத்தில் ஒரே சுரத்தில் சேர்வர். சில நேரங்களில் ஒருவர் பாட மற்றவர் ஆலாபனை போல் முணுமுணுப்பார். மெட்டு இராகத்தைச் சார்ந்திருப்பதால், அதன்மேல் மேல்நாட்டு ஒத்திசைவைக் குரல்களில் அடுக்குவது எளிதன்று. அந்த வேலையைக் கிதார், அக்கார்டியன், வயலின் குழு ஆகியவை செய்தன.

பாடல்களை எழுதியவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்கக் குழுப்பாடல்களை எழுதியவர்களுள் கரோல் கிங், எல்லி கிரீன்விச், சிந்தியா வைல் போன்ற பெண்கள் இருந்தனர். தமிழில் கண்ணதாசன், வாலி, ஆலங்குடி சோமு முதலிய ஆடவரே பெண்களின் மனத்தை எழுதினர். 'குடியிருந்த கோயில்' (1968) படத்தின் 'குங்குமப் பொட்டின் மங்கலம்' பாடலை எழுதிய ரோஷனாரா பேகம் அரிய விதிவிலக்கு ஆவார். அதுவும் இருபெண் பாடல் அன்று, டி. எம். சௌந்தரராசனும் சுசீலாவும் பாடியது.

பெயரில்லாத குரல்கள்

1962இல் 'ஹீ'ஸ் எ ரெபல்' என்னும் தட்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. தட்டில் அச்சான பெயர் கிரிஸ்டல்ஸ். உண்மையில் அக்குழுவினர் அப்பாடலைப் பாடவே இல்லை. பாடியவர்கள் டார்லின் லவ் என்னும் பாடகியும் அவருடைய பிளாசம்ஸ் குழுவினரும் ஆவர். குழுவின் பெயர் தயாரிப்பாளர் ஸ்பெக்டரின் கையில் இருந்ததால், எந்தக் குரலையும் அதன்கீழ் வெளியிட அவரால் முடிந்தது. மோட்டவுனிலும் இது நிகழ்ந்தது. சுப்ரீம்சின் 'லவ் சைல்டு' (1968) தட்டில் டயானா ராசுக்குப் பின்னால் ஒலிப்பவை குழுவின் மற்ற இருவரின் குரல்கள் அல்ல. ஆண்டன்ட்ஸ் என்னும் நிலையக் குழுப்பாடகிகளின் குரல்கள். அதற்கு முந்தைய ஆண்டே குழுவின் பெயர் 'டயானா ராஸ் அண்டு த சுப்ரீம்ஸ்' என மாற்றப்பட்டிருந்தது.

தமிழ்த் தட்டுகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது. சுசீலா பெயரில் வேறொருவர் பாடிய தட்டு வெளிவருவதில்லை. வானொலி அறிவிப்பாளர் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எனப் பெயர்களை அடுக்கிச் சொல்வது வழக்கமாகவே இருந்தது. திரையில் நடிகையின் முகம் தோன்றினாலும் குரலின் உரிமையாளர் யார் என்பது சிறுவர்களுக்கும் தெரியும். ஆனால் குழுப்பாடகியரின் பெயர் எங்கும் இல்லை. தட்டிலும் பாட்டுப் புத்தகத்திலும் 'குழுவினர்' என்ற ஒரே சொல்லில் அவர்கள் அடங்கினர். 'வாராயென் தோழி' பாடலில் ஈஸ்வரிக்கு மறுமொழி கூறும் குரல்கள் அனைத்தும் இச்சொல்லுக்குள் உள்ளவையே. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு ஈஸ்வரியும் அங்குதான் இருந்தார்.

இது வெறும் மரியாதை பற்றிய செய்தி அன்று. ரானட்ஸ் குழுவினர் தம் தட்டுகளின் வருவாய்க்காக ஸ்பெக்டர் மீது தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நீடித்து, 2002இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு மன்றத்தை எட்டியது. பழைய ஒப்பந்தத்தின் சொற்கள் தயாரிப்பாளருக்குச் சாதகமாக இருந்ததால், பாடல்களைத் திரைப்படங்களிலும் விளம்பரங்களிலும் பயன்படுத்த அனுமதி வழங்கும் உரிமை அவருக்கே உண்டு என அம்மன்றம் முடிவு செய்தது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தொடக்கத்தில் பாடகர்களுக்கு எந்த உரிமையையும் வழங்கவில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநர் உரிமையை அறிமுகம் செய்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமத்தொகைக்கு வழி செய்தது. அதே 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு விலக்கும் உள்ளது. திரைப்படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படாமலும் இருந்தால், அவர் நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார். தம் நிகழ்த்தலைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை மட்டும் அவருக்கு உண்டு. பெயர் இடம்பெறுவதும் இடம்பெறாததும் இவ்வாறு சட்டத்திலும் எடை பெற்றுவிட்டன.

ஒலிப்பதிவும் தட்டுகளும்

1960களில் தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் ஒரே ஓட்டத்தில் பதிவு செய்யப்பட்டன. பாடகர்கள், குழுவினர், வாத்தியக் கலைஞர்கள் அனைவரும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் நிகழ்த்துவர். ஒருவர் பிழை செய்தால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரு பாடகிகள் ஒரே ஒலிவாங்கியைப் பகிர்ந்துகொண்டு, தம் வரி வரும்போது முன்வந்தும் மற்ற நேரத்தில் விலகியும் பாடுவது உண்டு. மோட்டவுன் போன்ற நிறுவனங்கள் அந்தப் பத்தாண்டிலேயே பல்தடப் பதிவுக்கு மாறி, குரலையும் இசையையும் தனித்தனியே பதிந்து பிறகு கலக்கத் தொடங்கிவிட்டன. பழைய தமிழ்த் தட்டுகளில் கேட்கும் ஒருவித நெருக்கம் இந்த ஒரே ஓட்டப் பதிவின் விளைவேயாகும்.

பாடல்கள் தொடக்கத்தில் 78 சுற்றுத் தட்டுகளில் வெளிவந்தன. அரக்கால் ஆன இத்தட்டு கீழே விழுந்தால் உடையும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை நிமிடமே கொள்ளும். அதைவிட நீண்ட பாடல்கள் இரு பக்கங்களுக்கும் பிரிக்கப்பட்டன. பிறகு 45 சுற்று ஈ.பி. தட்டுகள் பரவின. ஏழு அங்குல அகலமுள்ள இவற்றில் பெரும்பாலும் ஒரே படத்தின் நான்கு பாடல்கள் இருக்கும். எச்.எம்.வி., கொலம்பியா, ஏஞ்சல் முதலிய பெயர்களில் வெளிவந்த தட்டுகள் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் அச்சிடப்பட்டன.

அமெரிக்காவில் 45 சுற்றுத் தட்டைத் தம் கைச்செலவுப் பணத்தில் வாங்கியவர்கள் பதின்பருவப் பெண்களே. தமிழகத்தில் தட்டுக்கருவி ஒரு குடும்பத்திற்கே பெருஞ்செலவு. ஆகவே தட்டு பெரும்பாலும் பொதுவிடத்தின் பொருளாக இருந்தது: வாடகை ஒலிபெருக்கிக் கடை, தேநீர்க்கடை, திரையரங்கின் இடைவேளை, கோயில் கொடை. பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பாடல்களை ஊரே கேட்டது. ஊசி எதை ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்தவரோ பெரும்பாலும் ஓர் ஆடவர்.

முத்துக்குளித்துறைக் கடற்கரை

மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில் உள்ள தூத்துக்குடிக்குச் சென்னையைவிடக் கொழும்பு அருகில் உள்ளது. நேர்கோட்டில் ஏறத்தாழ பாதித் தொலைவே ஆகும். இரு துறைகளுக்கும் இடையே தோணிகள் சரக்கேற்றிச் சென்று வந்தன. வானொலி அலைகளுக்கும் இக்கடல் தடையாக இருக்கவில்லை. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஏறத்தாழ விலக்கி வைத்தது. 1957இல் விவித் பாரதி தொடங்கும் வரையிலும், அதன் பின்னரும், திரையிசை விரும்பிகள் இலங்கை வானொலியையே நாடினர். அதன் வர்த்தக ஒலிபரப்பில் எஸ். பி. மயில்வாகனனின் குரல் தமிழகத்திலும் பெயர் பெற்றது. தென்கடற்கரை ஊர்களில் அவ்வொலிபரப்பு உள்ளூர் நிலையம் போல் தெளிவாகக் கேட்டது. ஒரே நிலையத்தின் தமிழ்ப் பிரிவில் சுசீலாவும் ஈஸ்வரியும் ஒலிக்க, ஆங்கிலப் பிரிவில் மேல்நாட்டுத் தட்டுகள் ஒலித்தன. குமிழைச் சற்றே திருப்பினால் போதும்.

மேல்நாட்டுப் பாடும் முறையைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் இக்கடற்கரையைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஜே. பி. சந்திரபாபு 1927இல் தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். விடுதலைப் போராட்ட வீரரான தந்தையை ஆங்கில அரசு நாடு கடத்தியதால், இளமையின் ஒரு பகுதியைக் கொழும்பில் கழித்தார். குரலைச் சட்டென்று உடைத்து மேலே ஏற்றி இறக்கும் 'யோட்லிங்' முறையைத் தமிழ்ப் பாடல்களில் புகுத்தியவர் இவரே. கே. ஜமுனாராணியுடன் இவர் பாடிய 'குங்குமப்பூவே' ('மரகதம்', 1959) இன்றும் கேட்கப்படுகிறது. பாட்டின் நடுவே பாடகரின் குணம் வெளிப்படலாம், சிரிக்கலாம், கூவலாம் என்பதைத் தமிழ்ச் செவிகளுக்குப் பழக்கியதில் சந்திரபாபுவுக்குப் பங்கு உண்டு. அவ்வுரிமையைப் பெண்குரலில் முழுமையாக எடுத்துக்கொண்டவர் ஈஸ்வரி.

ஈஸ்வரியின் குரலில் இக்கடற்கரைக்கென்றே ஒரு பாடல் அமைந்தது. கே. பாலச்சந்தர் இயக்கிய 'அனுபவி ராஜா அனுபவி' (1967) படத்தில் நாகேஷ் ஏற்ற இரு வேடங்களுள் ஒன்று தூத்துக்குடிப் பேச்சு பேசும் பாத்திரமாகும். அப்பாத்திரத்துக்கும் மனோரமாவுக்கும் உரிய 'முத்துக் குளிக்க வாரீகளா' பாடலை டி. எம். சௌந்தரராசனும் எல். ஆர். ஈஸ்வரியும் பாடினர். கண்ணதாசன் எழுத, எம். எஸ். விசுவநாதன் இசையமைத்தார். 'வாரீகளா' என்னும் வட்டார வடிவமே பாடலின் முகப்பாக நிற்பது அக்காலத்தில் துணிவான செயல். 1970களில் இம்மெட்டு 'தோ பூல்' படத்தின் வழியே இந்திக்கும் சென்றது. ஆனால் இப்பாடல் வெளிவந்தபோது தூத்துக்குடியில் முத்துக்குளித்தல் நின்றுவிட்டிருந்தது. 1955 முதல் தொடர்ந்து நடந்த குளிப்புகளுள் இறுதியானது 1961இல் நிகழ்ந்தது. அதன்பின் சிப்பிப் பார்கள் வளம் குன்றியதால் பெருங்குளிப்பு எதுவும் நடைபெறவில்லை. சங்கு குளித்தல் மட்டுமே தொடர்ந்தது.

சோல் இசையும் ஈஸ்வரியின் தனிப்பாடல்களும்

சோல் இசை, தேவாலயத்தின் காஸ்பல் பாடலும் உலகியல் சார்ந்த ரிதம் அண்டு புளூஸ் இசையும் கலந்து உருவானது. ஒருவர் அழைக்க மற்றவர் மறுமொழி கூறுவது அதன் அடிப்படை. இம்முறைக்குத் தேவாலயத்தோடு உழைப்புப் பாடலும் ஊற்றாகும். தமிழ்க் கடற்கரையில் வலை இழுக்கும்போதும் தோணி தள்ளும்போதும் பாடப்படும் அம்பாப் பாடல்களும் இதே அமைப்பு உடையவை. மெம்பிசின் ஸ்டாக்ஸ் நிறுவனத் தட்டுகளில், மோட்டவுனின் பளபளப்புக்கு மாறாக, குரலின் கரகரப்பும் தழுதழுப்பும் மறைக்கப்படாமல் விடப்பட்டன.

அரீத்தா பிராங்க்ளின் (1942–2018) ஒரு போதகரின் மகள். கொலம்பியா நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் பெரிய வெற்றி இல்லாமல் பாடியபின், அட்லாண்டிக் நிறுவனத்திற்கு மாறி 1967இல் 'ரெஸ்பெக்ட்' தட்டை வெளியிட்டார். ஓட்டிஸ் ரெடிங் 1965இல் ஆண்குரலில் பாடிய பாடல் அது. வேலையிலிருந்து திரும்பும் கணவன் கேட்ட மரியாதையை, அரீத்தா மனைவியின் வாயிலிருந்து கேட்கச் செய்தார். பின்குரல்களாக அவருடைய உடன்பிறந்தோரான எர்மாவும் கரோலினும் பாடினர். பெண்குரல் குழுவின் வடிவம் அங்கேயும் இருக்கிறது. ஆனால் முன்னிற்பவர் தயாரிப்பாளரின் பொம்மையாக இல்லை.

ஈஸ்வரியின் தனிப்பாடல்களை இவற்றோடு வைத்துக் கேட்கலாம். 'கறுப்புப் பணம்' (1964) படத்தின் 'ஆடவரெல்லாம் ஆட வரலாம்' கேளிக்கை அரங்கப் பாடல். 'வல்லவன் ஒருவன்' (1966) படத்தின் 'பளிங்கினால் ஒரு மாளிகை' வேதாவின் இசை. 'பணமா பாசமா' (1968) படத்தின் 'எலந்தப் பழம்' கே. வி. மகாதேவனின் இசை, இதில் தெருவில் கூவி விற்பவளின் குரலே பாட்டாகிறது. பள்ளிக்கூட இசைக்குப் புறம்பான அந்தக் கூவலை ஒளிக்காமல் பாடியதே அதன் வெற்றி. 'சிவந்த மண்' (1969) படத்தின் 'பட்டத்து ராணி'யில் சாட்டையொலிக்கும் குரலுக்கும் இடையே ஒரு போராட்டமே நடக்கிறது. மூச்சிரைப்பும் விம்மலும் மெட்டின் உறுப்பாகின்றன. சோல் இசையின் இலக்கணத்திற்கு மிக அருகில் வரும் தமிழ்த் தட்டு எது என்று கேட்டால், இதையே சுட்ட வேண்டும்.

எனினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அரீத்தா தம் பெயரில், தம் வாழ்வாகப் பாடினார். ஈஸ்வரி எப்போதும் ஒரு பாத்திரத்திற்காகவே பாடினார். அப்பாத்திரங்களும் தோழி, நடனக்காரி, நகைச்சுவை நடிகை என்ற வட்டத்திலேயே பெரும்பாலும் அமைந்தன. நாயகியின் குரல் சுசீலாவினுடையது. 1968இல் வெளிவந்த 'உயர்ந்த மனிதன்' படத்தின் 'பால் போலவே' பாடலுக்காகச் சுசீலா, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதன்முதலாகப் பெற்றவர் ஆனார். 2016இல் 17,695 பாடல்களுக்காகக் கின்னஸ் பதிவிலும் இடம்பெற்றார். அவருடைய பெருமை ஐயத்திற்கு இடமில்லாதது. ஆனால் நாயகிக்கு ஏற்ற குரல் எது என்ற அன்றைய வகைப்பாடு, ஒரு பாடகிக்குக் கிடைத்த பாடல்களின் வகையையே தீர்மானித்தது. 'வெள்ளி விழா' (1972) படத்தில் வி. குமார் இசையில் ஈஸ்வரி பாடிய 'காதோடுதான் நான் பாடுவேன்', காதருகே பேசுவது போன்ற மென்மையான பாடல். அதைக் கேட்பவருக்கு அவ்வகைப்பாடு எவ்வளவு பிழையானது என்பது விளங்கும்.

பக்தித் தட்டுகள்

பெண்கள் குழுவாகத் தம் பெயரிலேயே தட்டு வெளியிட்டதும் தமிழில் நிகழ்ந்தது. ஆனால் அது திரைக்கு வெளியே, பக்தி இசையில் ஆகும். சூலமங்கலம் சகோதரிகள் எனப்பட்ட ஜெயலட்சுமி, ராஜலட்சுமி ஆகியோரின் கந்த சஷ்டி கவசத் தட்டு இதற்குச் சிறந்த சான்று. இக்கடற்கரையின் திருச்செந்தூர் உள்ளிட்ட முருகன் தலங்களில் அது நாள்தோறும் கேட்கப்படுவது.

ஈஸ்வரியும் 1970களில் இத்திசையில் திரும்பினார். 'செல்லாத்தா', 'கற்பூர நாயகியே' முதலிய அம்மன் பாடல்கள் ஆடி மாதக் கோயில் கொடைகளின் நிலையான ஒலியாயின. சோல் பாடகிகள் தேவாலயத்தில் தொடங்கி உலகியல் பாடலுக்கு வந்தவர்கள். அரீத்தா 1972இல் ஒரு தேவாலயத்தில் பாடிப் பதிந்த 'அமேசிங் கிரேஸ்' தொகுப்பின் வழியே தொடங்கிய இடத்திற்கு மீண்டார். ஈஸ்வரியின் வழி எதிர்த்திசையில் அமைந்தது. கத்தோலிக்கராகப் பிறந்து, கேளிக்கைப் பாடல்களால் பெயர் பெற்று, பின்னர் மாரியம்மனின் குரலானார். அம்மன் பாடல்களில் அவர் தம் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. 'எலந்தப் பழ'த்தில் ஒலித்த அதே கூர்மையும் உரத்த அழைப்பும் இங்கேயும் உண்டு. பின்னால் மறுமொழி கூறும் குழுவினரும் உண்டு. அத்தட்டுகளிலும் முன்னால் அச்சானது எல். ஆர். ஈஸ்வரியின் பெயரே, இங்கு அவர் எந்த நடிகைக்காகவும் பாடவில்லை.